மந்திரிக்க வந்த கார்

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து, பூசை உடுப்புகளைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே சக்ரீஸ்து வாசலில் யாரேனும் வந்து நிற்பது வழக்கம். “சாமி, வண்டி எடுத்திருக்கோமுங்க. கொஞ்சம் மந்திரிச்சுக் குடுங்க” என்பார். நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில் அந்த வண்டி பெரும்பாலும் மொபெட்டாக இருக்கும். பின்னர் அது மோட்டார் சைக்கிள் ஆயிற்று. அதன்பின் மாருதி ஆயிற்று. அவற்றுக்கெல்லாம் தீர்த்தம் தெளித்தபோது நம் உள்ளத்தில் எந்த உறுத்தலும் எழுந்ததில்லை. தக்காளிக் கூடையைத் தலையில் சுமந்து நடந்தவர் இன்று மொபெட்டில் போகிறார் என்றால், அது இறைவனுக்கு நன்றி சொல்ல வேண்டிய செய்தியே.

ஆனால் சில ஆண்டுகளாகக் கோயில் வேப்பமரத்தடியில் ரிப்பன் கட்டி நிற்கும் வண்டியின் சாயல் வேறாக இருக்கிறது. நீண்ட மூக்கும் தாழ்ந்த வயிறும் உடைய செடான் அது. பென்ஸ், பி.எம்.டபிள்யூ., ஆடி என்று பெயர் சொல்லும்போதே சொல்பவரின் குரல் ஒரு படி உயர்கிறது. அந்த வண்டி வந்தால் வாயிற்காவலர் ஓடிச்சென்று நிழலில் இடம் பிடித்துத் தருகிறார். டவுன் பஸ்ஸில் வந்திறங்கும் கிழவி, அதைச் சுற்றிக்கொண்டு வெயிலில் நடந்து கோயிலுக்குள் நுழைகிறார். பொன் மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும் கந்தை உடுத்தியவனுக்குத் தரையும் காட்டுகிறவர்களைப் புனித யாகப்பர் தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். அந்த வாசகத்தை நாம் பீடத்தில் நின்று வாசிக்கிறோம். வாகனங்கள் நிற்கும் இடத்திலோ அதற்கு நேர்மாறானதைச் செய்கிறோம்.

காரே பாவம் என்று சொல்ல நாம் வரவில்லை. நடக்க இயலாத தாயை மருத்துவமனைக்குக் கொண்டு செல்பவருக்கும், இரவெல்லாம் அலையும் மருத்துவருக்கும், சந்தைக்குச் சரக்கு ஏற்றுபவருக்கும் வண்டி தேவை. அது நல்ல வண்டியாக இருப்பதும் முறையே. நமது வழக்கு வேறு. தேவை முடிந்த இடத்தில் தொடங்கும் வண்டியைப் பற்றியது அது.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். இத்தகைய நடுத்தர அளவு சொகுசுக் காரைப் புதிதாக வாங்கினால் ஏறத்தாழ 60 இலட்சம் ரூபாய். தமிழ்நாட்டில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 2023 நவம்பர் முதல் சாலை வரி மட்டுமே 20 விழுக்காடு. காப்பீடும் சேர்ந்தால் 70 இலட்சத்தைத் தாண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பெருங்கார்களின் சரக்கு சேவை வரி, மேல்வரி உட்பட 50 விழுக்காடு அளவில் இருந்தது, 40 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. விலையில் சில இலட்சங்கள் இறங்கின. விளம்பரங்கள் அதைத் திருவிழாவாகக் கொண்டாடின. அதே ஆண்டு மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் சோமனூர், பல்லடம் பகுதிகளில் கூலிக்கு நெய்யும் விசைத்தறியாளர்கள், ஒப்புக்கொண்ட கூலியே கிடைக்கவில்லை என்று ஏறத்தாழ ஒரு மாதம் தறிகளை நிறுத்தினார்கள். மாதம் 12,000 ரூபாய் பெறும் ஓர் ஆலைத் தொழிலாளி, ஒரு பைசாவும் செலவழிக்காமல் சேமித்தால், 60 இலட்சத்தை எட்ட 41 ஆண்டுகளுக்கு மேலாகும். அவரும் அந்த வண்டியின் உரிமையாளரும் ஒரே பங்கின் மக்கள். ஒரே அப்பத்தை உண்கிறவர்கள்.

“சொந்த உழைப்புல வாங்கறமுங்க சாமி, இதுல தப்பென்னுங்க?” என்று கேட்போர் உண்டு. தொழில் செய்வோர் இன்னும் ஒரு படி மேலே போவார்கள்: பெரிய வண்டியில் போய் இறங்கினால்தான் வங்கி மேலாளர் நாற்காலி போடுகிறார், வெளிநாட்டுக் கொள்முதல்காரர் நம்புகிறார் என்பார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டென்பதை மறுக்கமாட்டோம். ஆனால் இந்த ஊரின் தொழில் பெருமை எப்படி எழுந்தது? ஜி.டி. நாயுடு, ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டார். கோவையில் ஓர் உணவு விடுதியில் பரிமாறிப் பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியவர் செய்த முதல் வேலை, அதைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பார்த்ததுதான். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். அவருடைய குடும்பத்தார் சேர்த்த பழங்கார்களைக் கோவைக் காட்சியகத்தில் இன்றும் காணலாம். அவரும் கார் பித்தரே; ஆனால் அவருக்கு வண்டி ஒரு பாடநூல். நமக்கோ அது சாவிக்கொத்து மட்டும்; மேசைமேல் பிறர் கண்ணில் படும்படி வைக்க உதவுவது. 2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதன்மேல் ஓடும் பல வண்டிகளில் ஓட்டுபவரைத் தவிர யாரும் இல்லை. ஒருவரோ இருவரோ மட்டும் செல்லும் கார்களால் நகரங்கள் நெரிசலும் புகையுமாகின்றன என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் எழுதியது உரோமையைப் பார்த்து மட்டும் அன்று.

புதியதை வாங்க இயலாதவர் பழையதைத் தேடுகிறார். நமக்கு மிகுந்த கவலை தருவது இந்த இடமே. 60 இலட்சத்து வண்டி நான்கைந்து ஆண்டுகளில் பாதி விலைக்கு இறங்கும்; இன்னும் சில ஆண்டுகள் போனால் சாதாரணப் புதுக் காரின் விலைக்கே கிடைக்கும். பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் தில்லியில் ஓடலாகாது என்ற ஆணையை 2018-இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்த பின்னர், அங்கே வேண்டாமென்று தள்ளப்பட்ட பெருங்கார்கள் தடையின்மைச் சான்றோடு தெற்கே வந்தன. “புது வண்டி மாதிரிங்க, ஒரே ஓனருங்க” என்று தரகர் சொல்வதை நாமும் அருகில் நின்று கேட்டிருக்கிறோம். அவர் சொல்லாமல் விடுவது ஒன்றுதான்: வண்டியின் விலை இறங்குமேயன்றி உதிரிப்பாகத்தின் விலை இறங்காது. 12 இலட்சத்துக்கு வாங்கினாலும், பழுது பார்க்கும்போது அது 60 இலட்சத்து வண்டியே. தானியங்கிக் கியர்ப்பெட்டி, கணினிப் பலகை, காற்று இறங்கினாலும் சிறிது தொலைவு ஓடும் தனி வகை டயர் என்று ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் சில மாதச் செலவை விழுங்கும். நம் கிராமத்து வேகத்தடைகளில் அதன் வயிறு உரசுவது தனிக்கதை.

இதை எழுத நம்மைத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறோம். முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில் சிறு பட்டறை வைத்திருந்தவர் ஒருவர். இரண்டு லேத்துகள், மூன்று ஆட்கள், ஒரே மகள். மாப்பிள்ளை வீட்டார் மிகுந்த பெருந்தன்மையோடு சொன்னார்களாம்: “புதுசு வேண்டாமுங்க, பழசே போதும். ஆனா நம்ம கௌரவத்துக்குத் தக்க வண்டியா இருக்கட்டும்.” பெற்றவர், ஊரிலிருந்த இரண்டு ஏக்கர் காட்டை விற்றார். ஒரு பழைய ஜெர்மானிய செடான் வந்தது. திருமணத்துக்கு முந்திய மாலை, மல்லிகைச் சரம் சூட்டி அதைக் கோயில் முற்றத்தில் நிறுத்தினார்கள். நாம் மந்திரித்தோம். யார் பணத்தில் யாருக்காக வந்த வண்டி என்று நாம் கேட்கவில்லை, தெரிந்திருந்ததால்தான் கேட்கவில்லை.

இரண்டாண்டு கழித்து அந்தப் பெண் தகப்பன் வீட்டுக்கு வந்தாள். கியர்ப்பெட்டி போய்விட்டது; சரிசெய்யப் பணம் கேட்டு அனுப்பியிருந்தார்கள். தகப்பனார் ஒரு லேத்தை விற்றார். அவள் நம்மிடமும் வந்தாள். அழவில்லை. “நீங்கதானுங்க சாமி அதை மந்திரிச்சீங்க” என்று மட்டும் சொன்னாள். நம் நாவில் பதில் இல்லை, இன்றும் இல்லை.

2025-ஆம் ஆண்டில் திருப்பூர் மாவட்டத்தில், மணமாகி மூன்று மாதம்கூட நிறையாத ஓர் இளம்பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டபோது தமிழகமே அதிர்ந்தது. தங்கத்தோடு ஏறத்தாழ 70 இலட்சம் ரூபாய் பெறுமான காரும் அத்திருமணத்தில் கொடுக்கப்பட்டதாக ஏடுகள் எழுதின. குற்றம் யாருடையது என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம்; அதில் நாம் தலையிடோம். ஆனால் அந்தச் செய்தியைப் படித்த நம் மக்களுள் எத்தனை பேர், “அவ்வளவு கொடுத்துமா?” என்று வியந்தார்கள்! அந்த வியப்பிலேயே நோய் இருக்கிறது. குறைவாகக் கொடுத்திருந்தால் இறப்புக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும் என்றன்றோ அதற்குப் பொருள்? இதே மண்ணில்தான், நூற்பாலைகள் ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயரிட்டு, ஏழை வீட்டுப் பதின்வயதுப் பெண்களை மூன்றாண்டு விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் திருமணத்துக்கென்று ஒரு தொகை தந்தன. ஏழையின் மகள் தன் சீரைத் தானே நூற்றுச் சேர்த்தாள். செல்வரின் மகளுக்குச் சக்கரம் வைத்த சீர்.

“மகளுக்குத்தானுங்க குடுக்கறோம், யாரும் கேக்கலீங்க” என்பது வழக்கமான மறுமொழி. அப்படியானால் பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது? 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம், வாங்குபவரை மட்டுமல்ல, கொடுப்பவரையும் குற்றவாளி என்கிறது. தண்டனை ஐந்தாண்டுக்குக் குறையாத சிறை. கேட்காமல் கொடுத்த அன்பளிப்புக்கு விலக்கு உண்டு. ஆனால் அது பட்டியலில் எழுதப்பட வேண்டும். கொடுப்பவரின் வசதிக்கு மிஞ்சியதாக இருத்தலாகாது. காட்டை விற்று வாங்கிய கார் எந்த வசதிக்குள் அடங்கும்? நாமோ திருமணத்துக்குமுன் மூன்று முறை ஓலை வாசிக்கிறோம். தடை ஏதேனும் அறிந்தவர் தெரிவிக்கவேண்டும் என்கிறோம். உறவுமுறைத் தடை சொல்ல ஆள் வந்ததுண்டு. காரைத் தடையென்று சொல்ல இதுவரை எவரும் வந்ததில்லை.

பொதுநிலையினரை மட்டும் கண்டித்துவிட்டுக் குருக்களாகிய நாம் நழுவிவிட முடியாது. வெள்ளி விழாவுக்குக் கார் பரிசளிக்கும் வழக்கமும், “சாமிக்கு இந்த வண்டி பத்தாது” என்று குழு அமைத்து வசூலிக்கும் வழக்கமும் நம்மிடையே புகுந்துவிட்டன. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 282-ஆம் சட்டம் குருக்களை எளிய வாழ்வு வாழச் சொல்கிறது. 2013 சூலை 6 அன்று குருமாணவரிடமும் நவதுறவியரிடமும் பேசிய திருத்தந்தை பிரான்சிஸ், புத்தம் புதிய காரில் வரும் குருவையோ கன்னியரையோ பார்க்கும்போது தம் உள்ளம் நோகிறது என்றும், கார் தேவையானால் எளியதை எடுத்துக்கொள்ளுமாறும் கூறினார். அதே ஆண்டு இத்தாலியக் குரு ஒருவர் கொடுத்த பழைய ரெனால்ட் 4 வண்டியை மகிழ்ந்து ஏற்றார். அது மூன்று இலட்சம் கிலோமீட்டர் ஓடியது, 1984-இல் செய்தது. பழைய காரிலும் இரு வகை உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? 1964 டிசம்பரில் நற்கருணை மாநாட்டுக்குப் பம்பாய் வந்த திருத்தந்தை ஆறாம் பவுல், அமெரிக்க மக்கள் தமக்கு அளித்த லிங்கன் காரை அன்னை தெரேசாவிடம் விட்டுச் சென்றார். அன்னையார் அதைக் குலுக்கலில் விட்டுத் தொழுநோயாளருக்குப் பணம் சேர்த்தார். எருசலேமுக்குள் நுழைந்த நம் ஆண்டவருக்கோ சொந்தக் கழுதையும் இல்லை. இரவல் வாங்கினார், திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொல்லி.

இவ்வளவும் எழுதிவிட்டு முன்போலவே தீர்த்தச் செம்பைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போக நம்மால் இயலாது. ஆதலால் நம் பங்கில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். மண விசாரணையின்போது இரு வீட்டாரையும் ஒன்றாக உட்காரவைத்து, வண்டி ஏதேனும் பேசப்பட்டுள்ளதா என்று கேட்போம். பேசப்பட்டிருந்தால், அது கைவிடப்படும்வரை ஓலையை வாசிக்க அவசரப்படமாட்டோம். சீராக வந்த வண்டி எதையும் மந்திரிக்கமாட்டோம். இதனால் சிலர் பக்கத்துப் பங்குக்குப் போவார்கள்; கோயில் கூரை வேலைக்கு வாக்களித்த நன்கொடை சில வராமற்போகும். பங்குப் பேரவையில் இதைச் சொன்னபோது பலர் தரையைப் பார்த்தனர். ஒரு முதியவர் மட்டும், “சாமி, எம் பேத்திக்கும் பேசி முடிச்சாச்சுங்களே, இப்ப என்ன பண்றதுங்க?” என்று கேட்டார்.

சென்ற வாரம் முதல் விசாரணை நடந்தது. கேள்வியைக் கேட்டோம். பெண்ணின் தாயார் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்து, “யோசிச்சுச் சொல்றமுங்க சாமி” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். முதல் ஓலை வருகிற ஞாயிறு வாசிக்க வேண்டியது. இதை எழுதும் வரை அவர் வரவில்லை.