பெயர் ஒன்றானால் வம்சமும் ஒன்றா?

டேனியல் பூன் அமெரிக்காவில் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே அறிமுகமாகும் பெயர். 1775இல் மரம் வெட்டும் ஆட்களுடன் கம்பர்லாந்து கணவாயைக் கடந்து, கென்டக்கிக்குப் பாதை போட்டவர். ஷானி, செரோக்கி மக்கள் வேட்டையாடிய நிலத்தில் வெள்ளையர் குடியேற வழி திறந்தது அந்தப் பாதை. இன்றும் அங்கே பூன் என்ற குடும்பப் பெயர் உள்ள வீடுகளில், "நாங்கள் டேனியலின் வழிவந்தவர்கள்" என்று சொல்வதுண்டு. பாட்டி சொன்னதுதான் ஆதாரம். அதைச் சோதிப்பது எப்படி?

முதலில் விரல்விட்டு எண்ண வேண்டும். டேனியலும் ரெபேக்கா பிரையனும் 1756இல் மணந்தார்கள். பத்துப் பிள்ளைகள், அவர்களில் ஆண்கள் ஆறு பேர். மூத்தவன் ஜேம்ஸ் 1773இல், 16 வயதில் கொல்லப்பட்டான். இஸ்ரேல் 1782இல் புளூ லிக்ஸ் போரில் மாண்டார். வில்லியம் குழந்தையிலேயே இறந்தது. எஞ்சியவர்கள் டேனியல் மோர்கன், ஜெஸ்ஸி, நேதன் ஆகிய மூவரே. டேனியலின் நேர்வழியில் பூன் என்ற பெயர் இந்த மூவர் மூலமாகத்தான் வர முடியும். டேனியலுடன் பிறந்தவர்களோ பத்துப் பேர். அவருடைய சகோதரர்களின் சந்ததியும் பூன்தான். மகள்களின் வாரிசுகளுக்கோ வேறு குடும்பப் பெயர். ஆகவே பெயர் இருப்பவர் நேர்வாரிசாக இல்லாமல் போகலாம். பெயர் இல்லாதவர் நேர்வாரிசாக இருக்கலாம்.

அடுத்தது காகிதம். அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790இல் தொடங்கியது. ஆனால் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதினார்கள். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கைதான். கென்டக்கியின் 1790, 1800 கணக்கெடுப்புத் தாள்களும் இன்று இல்லை. அந்த இடைவெளியை வரிப் பட்டியல்களும் நிலப் பத்திரங்களும் ஓரளவு நிரப்புகின்றன.

சுதந்திரப் போர் வீரர்களின் ஓய்வூதியக் கோப்புகள் இன்னொரு புதையல். 1832 சட்டப்படி ஓய்வூதியம் கேட்டவர், எங்கே, யார் தலைமையில் போரிட்டார் என்பதைச் சத்தியம் செய்து விவரிக்க வேண்டும். விதவைகள் திருமணத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. பலர் குடும்ப பைபிளில் பிறப்பு, திருமணம் குறித்து வைத்திருந்த பக்கத்தையே கிழித்து அனுப்பினார்கள். அந்தப் பக்கங்கள் இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

தேடுபவருக்கு ஒரு விதி உண்டு. இன்றிலிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு தலைமுறையாக நடக்க வேண்டும். இவர் அவருடைய மகன் என்பதற்கு ஒவ்வொரு படியிலும் ஆதாரம் வேண்டும். புகழ்பெற்றவரிடம் தொடங்கி நம்மை நோக்கி இறங்கினால், ஆசை நம்மைத் தவறான பூனிடம் சேர்த்துவிடும்.

இப்படித் தேடும்போது பெருமை மட்டும் கிடைப்பதில்லை. பழைய உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும் புரட்டினால், மாடு, குதிரை, கட்டில் வரிசையில் மனிதர்களின் பெயரும் விலையும் இருக்கும். அவர்கள் அந்த வீட்டு அடிமைகள். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல் இருந்தது. அதில் உரிமையாளரின் பெயர் உண்டு, அடிமைகளுக்கு வயதும் பாலினமும் நிறமும்தான். அவர்களில் பெரும்பாலோர் முதன்முறையாகப் பெயரோடு பதிவானது 1870இல், விடுதலைக்குப் பிறகு.

அதற்கு முந்திய தலைமுறையை அவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கே தேடுவது? பெரும்பாலும் எசமானர் வீட்டுக் காகிதங்களில்தான். தன் முப்பாட்டனின் உயிலைப் படிப்பவர் அந்தப் பெயர்களைத் தாண்டிப் போய்விட்டால், இன்னொரு குடும்பத்தின் வழி அங்கேயே அடைபட்டுவிடும். எழுதி வைத்து, கேட்பவர்களுக்குக் கொடுத்தால் அது திறக்கும்.

பாட்டி சொன்னது பொய்யாகிவிட்டால் மனம் வாடும்தான். ஆனால் நேர்வாரிசு இல்லை என்று தெரிந்தவரின் கையிலும் அந்த உயில் இருக்கும், அதில் அந்தப் பெயர்களும் இருக்கும்.