கலப்பை தெரியாதோ?

போன கிழமை பள்ளிக்கூடத்தால வந்ததும் வராததுமா மகள் கேட்டாள்: "அம்மா, ஆபிரிக்காவில கனபேர் மாடு பூட்டி உழேல்லையாம். அவைக்குத் தெரியாதோ?" வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை அப்படிச் சொன்னதாம். அவளுக்கு வயது பத்து.

"அப்பிடிக் கதைக்கக்கூடாது" என்று சொல்லி முடித்திருக்கலாம். நாங்கள் பலர் அப்படித்தான் செய்கிறோம். பிள்ளை வாயை மூடும், நினைப்பு மாறாது.

இரவுச் சாப்பாடு முடிய, செட்சி ஈ வாழும் இடங்களின் வரைபடத்தைக் கணினியில் எடுத்துக் காட்டினேன். சகாராவுக்குத் தெற்கே 30-க்கும் மேற்பட்ட நாடுகளில் அது இருக்கிறது. அந்த ஈ கடித்தால் மாட்டின் இரத்தத்தில் ஓர் ஒட்டுண்ணி புகுந்துவிடும். நகானா என்பது நோயின் பெயர். மாடு காய்ந்து மெலிந்து விழும். இன்றும் ஆண்டுக்கு ஏறக்குறைய 30 இலட்சம் மாடுகள் சாவதாக ஐ.நா. உணவு விவசாய அமைப்பு கணக்கிடுகிறது. மாடு நிலைக்காத இடத்தில் கலப்பையை எதில் பூட்டுவது? எருவுக்கு எங்கே போவது?

"இங்க ஏன் ஈ இல்லை?" என்று எத்தியோப்பிய மலைநாட்டைத் தொட்டாள். அங்கே குளிர், ஈ தங்காது. அங்கே பல நூற்றாண்டுகளாக எருது பூட்டி உழுகிறார்கள். ஒரே கண்டம்தான்.

மார்செலா அல்சான் என்ற ஆய்வாளர் 2015-இல் இதையே எழுதினார். வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் வைத்து ஈ எங்கே வாழும் என்று கணித்து, பழைய குடிகளின் பதிவுகளோடு ஒப்பிட்டார். ஈக்கு ஏற்ற இடங்களில் வளர்ப்பு மாடும் கலப்பையும் குறைவு. ஆபிரிக்காவுக்கு வெளியே, அதே காலநிலை உள்ள இடங்களில் அப்படி இல்லை. அங்கே இந்த ஈ கிடையாது.

மகள் தலையாட்டினாள். ஆனாலும் அது அவளுக்குத் தூரத்துக் கதை. அப்போதுதான் கிளிநொச்சிச் சின்னம்மாவின் பசுவை ஞாபகப்படுத்தினேன். தோல் கழலை நோயும் ஈ, நுளம்பு, உண்ணியால் பரவுவதுதான். 1929-இல் இன்றைய சாம்பியாவில் முதலில் கண்டது, 2019-இல் இந்தியாவுக்கும் 2020-இல் எங்கள் வடக்குக்கும் வந்து சேர்ந்தது. சின்னம்மாவின் பசு உடம்பெல்லாம் கட்டி கட்டியாக, தீன் எடுக்காமல், பால் வற்றி, கடைசியில் செத்தது. அந்தப் பால்காசில்தான் வீட்டுச் செலவு ஓடியது.

"அப்ப, சின்னம்மாவுக்கு மாடு வளக்கத் தெரியாதோ?" என்று கேட்டேன்.

"அவவுக்குத் தெரியும்!" என்றாள் கோபமாக. பிறகு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

ஈயை வெல்ல முடியாது என்றும் இல்லை. சன்சிபாரின் பெரிய தீவில் ஆண் ஈக்களை மலடாக்கி விமானத்திலிருந்து விட்டார்கள். 1997-இல் ஈ ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு அங்கே மாடு வளர்ப்பும் பயிரும் பெருகின.

உங்கள் பிள்ளையும் இப்படி ஒரு கேள்வியோடு வந்தால் ஏசாதீர்கள். முதலில் வரைபடத்தை எடுங்கள், பிறகு ஊருக்கு ஒரு ஃபோன் போடுங்கள். ஞாயிறு சின்னம்மாவோடு கதைக்கும்போது மகள் முதலில் கேட்டது, "புதுக் கண்டுக்கு ஊசி போட்டாச்சோ?"