ஆக்சைடைத் தேய்ப்பதா, பூசுவதா?

நம்ம ஊரில் 'லூஸ் கான்டாக்ட்' என்ற வார்த்தை தெரியாத ஆளே கிடையாது. ஃபேன் நின்றாலும் மிக்சி முனகினாலும் பாட்டிகூட "லூஸ் கான்டாக்டா இருக்கும்டா" என்று சொல்லிவிடுவாள். ஆனால் மூன்று வருட டிப்ளமோவில் கான்டாக்டைப் பற்றி நாம் என்ன படிக்கிறோம்? சோலார் செல் பாடத்தில் பி-என் ஜங்ஷன் படம் ஒன்று, மேலே 'மெட்டல் கான்டாக்ட்' என்று ஒரு அம்புக்குறி. பத்து மார்க்குக்கு அது போதும். வேலைக்குப் போதாது என்பது என் கருத்து.

அப்பா மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை பார்க்கிறார். பள்ளிக்கூடம் பக்கம் அதிகம் போனவரில்லை. லீவு நாளில் நானும் கூடப் போவேன். அங்கே முதல் பாடமே, கறுத்துப்போன செம்புக் கம்பியை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு அப்புறம்தான் முறுக்கணும் என்பது. அந்தக் கறுப்பு காப்பர் ஆக்சைடு, கரண்டை மறிக்கும். ஆக, ஆக்சைடு என்றால் எதிரி என்றே வளர்ந்தவன் நான்.

போன செமஸ்டரில் ஒரு செமினாருக்காகப் படித்தபோது தலை சுற்றியது. சிலிக்கான் செல்லில் ஆக்சைடை வேண்டுமென்றே கான்டாக்டில் பூசிப் பார்க்கிறார்கள்!

காரணம் இதுதான். சிலிக்கானின் மேற்பரப்பில் ஜோடி கிடைக்காத பிணைப்புகள் நீட்டிக்கொண்டு நிற்கும். வெளிச்சத்தில் கிளம்பிய எலக்ட்ரானும் ஹோலும் அங்கே ஒன்றோடொன்று சேர்ந்து வெறும் சூடாகப் போய்விடும். உலோகம் நேராகத் தொடும் இடத்தில் இந்த நஷ்டம் இன்னும் மோசம். உள்ளே சம்பாதித்ததை வாசலில் தொலைத்த கதை! 1954-ல் பெல் ஆய்வகத்தில் செய்த சிலிக்கான் செல்லின் திறன் சுமார் 6 சதவீதம். 2022-ல் சீனாவின் லாங்கி நிறுவனம் 26.81-ஐ எட்டியது. தியரிப்படி உச்சவரம்பே 29.4 தான். கடைசிப் படிகளை ஏறியதில் பெரும்பங்கு கான்டாக்டைத் திருத்தியதற்கு உண்டு.

டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானுக்கு முன்படி, ஹோலுக்கு பின்படி. இரண்டும் ஒரே படியில் மோதினால் வண்டி நகராது. இந்தப் பிரிவினைக்காக வழக்கமாக பாஸ்பரஸையும் போரானையும் 800, 900 டிகிரி உலையில் சிலிக்கானுக்குள் ஏற்றுவார்கள். மாலிப்டினம் ஆக்சைடு சில நானோமீட்டர் பூசினாலே போதும், ஹோலை விட்டுவிட்டு எலக்ட்ரானைத் தடுத்துவிடும். டைட்டானியம் ஆக்சைடு நேர் எதிர். அந்த உலையே வேண்டாம்!

இதைச் சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். "தேய்க்கிறதை விட்டுட்டுப் பூசறானுவளா? நல்லாப் படிக்கிறடா" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, அது சூடு தாங்குமா?" என்றார்.

நண்பர்களே, இந்த ஆக்சைடின் பெரிய சிக்கலே அதுதான்! மாலிப்டினம் ஆக்சைடு கான்டாக்ட் 130 டிகிரியைத் தாண்டினால் கெட ஆரம்பிக்கிறது. இந்த வகை செல்லில் வெள்ளிப் பேஸ்டைக் காயவைக்க 200 டிகிரி வேண்டும். மாட்யூலாக ஒட்டும்போது 150 வரை போகும். 2015-ல் சுவிட்சர்லாந்தின் ஈபிஎஃப்எல் ஆய்வாளர்கள் வெள்ளிப் பேஸ்டை விட்டு, செம்பு முலாம் பூசி, 130-ஐத் தாண்டாமல் 22.5 சதவீதம் எடுத்தார்கள். 2020-ல் படலத்தை 4 நானோமீட்டராக மெலிதாக்கி 23.5. ஆனாலும் ஆலைக்கு வந்து ஜெயித்தது வேறு ஆக்சைடு. டாப்கான் செல்லில் இருக்கும் ஒன்றரை நானோமீட்டர் சிலிக்கான் ஆக்சைடு. அது உலைச் சூட்டைத் தாங்குகிறது, அவ்வளவுதான் விஷயம். சதவீதக் கணக்கை மட்டும் பார்த்துக் கைதட்டுகிறவர்களுக்கு இது உறைக்காது.

"இதெல்லாம் சயின்டிஸ்ட் வேலைடா, நமக்கெதுக்கு?" என்கிறான் பக்கத்து பெஞ்சு நண்பன். இன்ப்ளான்ட் ட்ரெயினிங்கில் எங்களிடம் ஈரத்துணியைக் கொடுத்துப் பேனல் துடைக்கச் சொன்னார்கள். பத்து நாளும் அதே வேலை. அந்தக் கோபத்தில் அவன் பேசுவது புரிகிறது. ஆனால் எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம், எவ்வளவு கனம் என்பதெல்லாம் மெஷின் பக்கத்தில் நிற்கிறவன் வேலை இல்லையா? திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கங்கைகொண்டானில் 4.3 கிகாவாட் செல், மாட்யூல் ஆலை வந்தாயிற்று. அங்கே துணியோடு போவதா, கணக்கோடு போவதா?

நம் பிசிக்ஸ் லேபில் கண்ணாடி அலமாரிக்குள் நாலு ஊசி ப்ரோப் ஒன்று தூங்குகிறது. பூசிய படலத்தின் ரெசிஸ்டன்ஸை அதில் அளக்கலாம். அடுத்த வருஷ ப்ராஜெக்டுக்கு அதுதான் வேண்டும் என்று நாங்கள் மூன்று பேர் சாரிடம் சொல்லிவிட்டோம். அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று அவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.