கட்டடம் மட்டும் போதாது

மயூர் விஹாரில் அரசு முதியோர் இல்லம் ஒன்றைக் கட்டிவிட்டால் தரம் தானாக வந்துவிடும் என்கிறார் நண்பர். பணம் வேண்டும்தான், அதில் சண்டையில்லை. தரம் தானாக வராது, சார்.

பிரிட்டனின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் கட்டடமும் இருந்தது, படுக்கையும் இருந்தது. 2005 முதல் 2009 வரை அங்கே முதியவர்கள் பலர் குடிக்கத் தண்ணீர்கூட எட்டாமல், அழுக்கு விரிப்பில் கிடந்தார்கள். 2013இல் வந்த ராபர்ட் ஃபிரான்சிஸ் விசாரணை அறிக்கை முதல் பொறுப்பை நிர்வாகக் குழுவின் மேல் வைத்தது. செலவைக் குறைக்க ஆட்களைக் குறைத்தவர்கள் அவர்கள்தான். புகார்களைக் காதில் போட்டுக்கொள்ளாதவர்களும் அவர்கள்தான்.

நம் 2007ஆம் ஆண்டு முதியோர் நலச் சட்டத்தைப் பாருங்கள். பிரிவு 19, மாவட்டத்துக்கு ஓர் இல்லம், 150 பேருக்கு இடம் என்பதோடு நிற்கவில்லை. நிர்வாகத் திட்டத்தையும் தர அளவுகளையும் பேசுகிறது. மாவட்ட மருத்துவமனையின் முதியோர் பிரிவுக்கு அத்துறையில் அனுபவமுள்ள மருத்துவரே தலைமை தாங்க வேண்டும் என்கிறது பிரிவு 20.

இரவுப் பணிக்கு ஆள் வராவிட்டால் மாற்றாள் அனுப்புவது யார்? படுக்கைப் புண்ணுக்குப் பதில் சொல்வது யார்? கூடுதல் பொறுப்பாக வந்து போகும் அதிகாரியால் இது முடியாது. இல்லம் கேட்டு மனுக் கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதே மனுவில் முழுநேரக் கண்காணிப்பாளர் ஒருவரையும் கேளுங்கள்.