வீட்டுத் தோட்டம்: பட்டாணிக்கு உகந்த பருவம் எது?



மணலூர்பேட்டையைச் சேர்ந்த வாசகி ஒருவர், இரண்டு ஆண்டுகளாகப் பட்டாணி விதைத்தும் ஒரு காயைக்கூடக் காணவில்லை என்று வருந்தி எழுதியுள்ளார். செடி நன்றாக வளர்ந்ததாம், பூத்ததாம், பூவெல்லாம் உதிர்ந்துவிட்டதாம். மாடிக்கு எருவும் நீரும் சுமந்தவருக்கு அந்த வேதனை இருக்கத்தான் செய்யும். அவர் விதைத்ததோ தை மாதத்தில்; விதையோ மளிகைக் கடையில் வாங்கிய காய்ந்த பட்டாணி. பருவம், விதை இரண்டுமே பொருந்தவில்லை.

பட்டாணி குளிர்காலப் பயிர். பூக்கும் வேளையில் பகல் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூவும் பிஞ்சும் நில்லா. உதகையிலும் கொடைக்கானலிலும் அது எளிதாக விளைவது இதனால்தான். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்தில் இருப்போருக்கும் ஓரளவு வசதி உண்டு. தென்பெண்ணைக் கரையின் சமவெளியில் இருப்பவர்களுக்கோ மார்கழியும் தையும் மட்டுமே அல்லாஹ் அருளிய குளிர். அந்த இரு மாதங்களுக்குள் பூத்துக் காய்த்து முடிய வேண்டுமானால், கார்த்திகை முதல் வாரத்தில், அதாவது நவம்பர் நடுவில், விதை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை விதைக்கலாம். அதற்குப் பிறகு வேண்டாம்.

ஆனால் கார்த்திகை மழைக்காலமும் ஆயிற்றே! 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணையில் பெருகி வந்த வெள்ளத்தை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். தேங்கிய நீரில் பட்டாணி விதை இரண்டொரு நாளிலேயே அழுகிவிடும். ஆகவே தரையில் விதைப்போர் பாத்தியை ஒரு சாண் உயர்த்திக் கொள்ளுங்கள். தொட்டியில் விதைப்போர் அடியில் துளை அடைபடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். ஓர் அங்குல ஆழம் போதும். நாற்று விட்டுப் பிடுங்கி நடுவது இதற்கு ஒத்துவராது.

இனி, இரகம். நமக்கு வேண்டியது விரைவில் காய்ப்பது. 'ஆர்க்கெல்' என்னும் குட்டை இரகம் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பறிப்புக்கு வந்துவிடும். முழ உயரக் குச்சிகள் நட்டால் பற்றிக்கொள்ளும். 'போன்வில்' சுவையானதே, ஆனால் சற்றுத் தாமதம். 'ஊட்டி 1' மலைப் பகுதிக்கென்று வெளியிடப்பட்டது. பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெப்பம் தாங்கக்கூடிய 'அர்க்கா சைத்ரா' போன்ற இரகங்களையும் தந்துள்ளது. விதை கிடைத்தால் நான்கைந்து தொட்டியில் சோதித்துப் பார்க்கலாம்.

ஆர்க்கெல் விதை சுருங்கிக் கிடப்பதைக் கண்டு, பழுதென்று எறிந்துவிடாதீர்கள். சுருங்கிய விதையில் மாவு குறைவு, இனிப்பு அதிகம். கடையில் சுண்டலுக்கு வாங்கும் உருண்டைப் பட்டாணி முளைக்கும்தான். ஆனால் காய் மாவாகவே இருக்கும். இன்னொன்று: பொட்டல விதையில் சிவப்பாகவோ வேறு நிறமாகவோ பூச்சு இருந்தால் அது மருந்து. குழந்தைகள் வாயில் போட்டுவிடாமல் எட்டாத இடத்தில் வையுங்கள்.

நாம் பிறை பார்த்து நோன்பும் பெருநாளும் கொண்டாடுகிறோம். ஆனால் ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பத்து, பதினொரு நாள் குறைவாதலால் விதைப்புக்கு அது கணக்காகாது. அதனால்தான் நம் பாட்டிமாரும் ஆடி, கார்த்திகை என்றே விதைத்தார்கள். இப்போது ஒரு நல்வாய்ப்பு: ரமலான் 2027இல் பிப்ரவரி தொடக்கத்தையொட்டியும், 2028இல் ஜனவரி கடைசியிலும் வரவிருக்கிறது. கார்த்திகையில் விதைத்தது, இன்ஷா அல்லாஹ், ஸஹர் குருமாவுக்கு வந்து சேரும். பறித்த அன்றே உரித்துச் சமையுங்கள். மறுநாளுக்குள் இனிப்புப் பாதி போய்விடும்.

கிளிகளும் அணில்களும் பங்கு கேட்கும். முஸ்லிம் விதைத்ததிலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் உள்ளது. வலை கட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டிய பிறகும் போனதற்காக வருந்தாதீர்கள்.

கார்த்திகையைத் தவறவிட்டவர்கள் பட்டாணியை மறந்துவிட்டு, அடுத்த ஆடியில் பந்தல் அவரை போடுங்கள். பகல் குறுகும்போது பூக்கும் அது, மார்கழி, தையில் கூடை கூடையாகக் காய்க்கும். பட்டாணி காய்த்தவர்களோ, நல்ல செடி இரண்டைப் பறிக்காமல் விட்டு, நெற்று காய்ந்தபின் விதையெடுத்துச் சாம்பலில் புரட்டிப் புட்டியில் அடைத்து வையுங்கள். தன் பூவிலேயே கருவுறும் செடியாதலால் அடுத்த கார்த்திகைக்கும் அதே இரகமே முளைக்கும்.