புது தோசைக்கல் ஒட்டும், பழையது ஒட்டாது: ஏன்?

தஞ்சாவூர் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டிவியும் ஃபிரிட்ஜும் சென்னைக்கு லாரி ஏறும். பித்தளை அண்டாவுக்கும் குத்துவிளக்குக்கும் பங்கு பிரிப்பார்கள். அடுப்படியில் கறுத்துக் கிடக்கும் தோசைக்கல்? "அது எதுக்கு, இரும்புக்கடையில போட்டுடலாம்" என்பார் ஒருவர். எடைக்குப் போய்விடும்.

அந்த வீட்டில் காசு கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாத பொருள் அதுதான்.

முதல் நாளே உச்சம்

இன்று வாங்கும் பெரும்பாலான பொருட்கள் முதல் நாளில்தான் நன்றாக இருக்கும். போன் பேட்டரி அப்படித்தான். நான்-ஸ்டிக் தவாவும் அப்படித்தான். பூச்சில் கீறல் விழுந்தால் கதை முடிந்தது. இரும்புக் கல் நேர்மாறு. முதல் தோசை பிய்ந்துதான் வரும். வருஷம் போகப் போக, சொட்டு எண்ணெயில் முறுகலாக எழும்பி வரும்.

கல்லில் என்ன நடக்கிறது?

வழவழப்பாகத் தெரிந்தாலும் இரும்பின் மேற்பரப்பில் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. எண்ணெய் தடவிச் சூடாக்கும்போது, எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து மெல்லிய, கெட்டியான படலமாகக் கல்லில் படிகின்றன. இதுதான் பாலிமரைசேஷன். தோசை சுடச் சுடப் படலத்தின் மேல் படலம் சேரும். அந்தக் கறுப்பு, அழுக்கு அல்ல.

இதற்கு வீடுகளில் வைத்திருக்கும் பெயர் 'பழக்குவது'. புதுக் கல்லைக் கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி, வெங்காயம் வதக்கிப் பழக்குவார்கள். "தோசைக்கல்லுல சப்பாத்தி போடாதே" என்று அம்மா திட்டுவதிலும் அர்த்தம் இருக்கிறது. உலர்ந்த மாவு கருகிப் பிடித்தால் தேய்க்க வேண்டும். தேய்த்தால் படலம் போகும். புளிக்குழம்பைக் கொதிக்கவிட்டாலும் அமிலம் படலத்தை அரிக்கும்.

கல்சட்டியும் இதே ஜாதிதான். மாக்கல்லில் குடைந்த புதுச் சட்டியை நேராக அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடலாம். எண்ணெயும் மஞ்சளும் தடவி, சில நாள் சூடான கஞ்சி ஊற்றிவைத்து, பிறகு சிறு தீயில் பழக்க வேண்டும். பழகிய சட்டியில், அடுப்பை அணைத்த பிறகும் வத்தக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்.

பழசானாலே போதுமா?

சில பொருட்களுக்குப் போதும். புத்தரிசி சீக்கிரம் குழையும். பொங்கலுக்கு அது சரி. பத்தாயத்தில் பல மாதம் கிடந்த நெல்லின் அரிசியோ உதிரி உதிரியான சாதமாகும். அதனால்தான் கடையில் 'பழைய அரிசி'க்குக் கூடுதல் விலை.

ஆனால் எல்லாம் அப்படி இல்லை. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையையே எடுத்துக்கொள்ளலாம். நாள்பட்ட பலாமரத்துக்கு மதிப்பு அதிகம். ஆனாலும் மெழுகில் பதித்த அதன் 24 மெட்டுகளை அவ்வப்போது திரும்பப் பதித்து, மேளம் கட்டியாக வேண்டும். சும்மா மூலையில் சாத்திவைத்த வீணை பழசாகுமே தவிர, பழகாது.

பழைய வயரிங், தேய்ந்த குக்கர் கேஸ்கெட், உரிந்த நான்-ஸ்டிக் எல்லாம் தயங்காமல் தூக்கி எறிய வேண்டியவை. எனவே 'பழசெல்லாம் நல்லது' என்ற சென்டிமென்ட் வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பயன்படுத்தப் பயன்படுத்த இது தேய்கிறதா, தேறுகிறதா?

எடைக்கல்லில் வராத கணக்கு

தோசைக்கல்லின் கறுப்பு தானாக வந்ததல்ல. பாட்டியும் அம்மாவும் காலை, மாலை அடுப்பு முன் நின்ற வருஷங்கள் அதில் படிந்திருக்கின்றன. அந்த உழைப்புக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. இரும்புக்கடைத் தராசும் வைக்காது.

இப்போது ஆன்லைனில் 'ப்ரீ-சீசன்ட்' கல் கிடைக்கிறது. ஆரம்பிக்க அது போதும். மீதியை வாங்குபவர்தான் பழக்க வேண்டும். பெண்கள் மட்டும்தான் பழக்க வேண்டும் என்றும் இல்லை. வாரம் ரெண்டு நாள் தோசை ஊற்றும் யாருடைய கையிலும் கல் பழகும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பரணில் பாருங்கள். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை. துருவைத் தேய்த்து, நன்றாக உலர்த்தி, எண்ணெய் தடவிப் பழக்கினால் திரும்ப வரும். வீட்டைக் காலி செய்யும்போது, "எனக்கு அந்தக் கல்லு போதும்" என்று முதலில் கேட்பவர்தான் புத்திசாலி.