முறையீடு நிந்தனை ஆகுமா?

அல்லாமா இக்பாலின் ‘ஷிக்வா’வை நம்மவர் இரு வகையாகக் கையாள்கின்றனர். இறைவனிடமே குறை கூறும் கவிதை ஈமானுக்கு ஆகாது என்று ஒரு சாரார் ஒதுக்குகின்றனர். மற்றொரு சாரார் அதில் பழம்பெருமை பேசும் இரண்டு அடிகளைப் பிய்த்தெடுத்து, மேடையில் முழங்கிக் கைதட்டல் பெறுகின்றனர். இவ்விரு சாராரும் அக்கவிதையைச் செவிகொடுத்துக் கேட்கவில்லை என்றே கூறுவேன்.

ஷிக்வா கேட்கப்பட வேண்டிய கவிதை. லாகூரில் அஞ்சுமனே ஹிமாயதே இஸ்லாம் சங்கத்தின் ஆண்டுக்கூட்டத்தில், திரண்டிருந்த மக்கள் முன் இக்பால் அதைத் தாமே ஓதி அரங்கேற்றினார். அதன் வடிவம் முஸத்தஸ். ஆறடிச் செய்யுளில் முதல் நான்கு அடிகள் ஒரே இயைபில் ஏறிக்கொண்டே செல்லும். கடைசி இரண்டும் வேறோர் இயைபில் இறங்கி முடியும். உருதுச் செவிக்கு இது பழகிய வடிவம். கர்பலாவின் துயரத்தை மீர் அனீஸும் மிர்ஸா தபீரும் மர்ஸியாக்களில் பாடியது முஸத்தஸில்தான். உம்மத்தின் வீழ்ச்சியை ஹாலி 1879இல் பாடியதும் இதே வடிவில்தான். ஆகவே, பொருள் விளங்குமுன்பே ஓசை இது புலம்பல் என்று அறிவித்துவிடுகிறது. “யார், யார்” என்று அடுக்கி வரும் வினாக்களை உரைநடையில் பெயர்த்தால் வழக்காடுபவனின் குறுக்கு விசாரணை போலத் தோன்றும்; அந்தச் சந்தத்திலோ அவை விம்மல்கள். பெயர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்பு வழங்குவோர், அழுபவனின் கண்ணீரை விட்டுவிட்டு வார்த்தைகளை மட்டும் குறித்துக்கொள்கின்றனர்.

படிமங்களும் அதையே சொல்கின்றன. பார்சி, உருது மரபில் புல்புல் ரோஜாவின் காதலன். அதன் கூவல் பிரிவாற்றாமை. வசந்தம் கழிந்து, இலையுதிர்ந்து, ஏனைய பறவைகள் பறந்துபோன தோட்டத்தில் தனித்து நின்று பாடும் புல்புலை இக்பால் காட்டுகிறார். நிந்திப்பவன் அத்தோட்டத்தில் ஏன் தங்கியிருக்கப் போகிறான்?

முறையிடுதலே கூடாது என்போர் குர்ஆனைத் திறக்கட்டும். மகனைப் பிரிந்த யஃகூப் (அலை) தம் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிட்டதை 12:86 கூறுகிறது. தம் கணவர் குறித்து முறையிட்ட பெண்மணியின் சொல்லை அல்லாஹ் செவியேற்றதாகவே 58:1 தொடங்குகிறது. இவ்விரு வசனங்களிலும் வரும் அரபு வினையின் வேர்ச்சொல்லிலிருந்தே ‘ஷிக்வா’ என்னும் சொல்லும் பிறந்தது.

“அவர்கள் தம் துயரத்தை முறையிட்டனர், இக்பாலோ இறைவனையே அல்லவா குறை கூறுகிறார்?” என்று கேட்கலாம். நியாயமான வினா. அதற்கு விடை 1913இல் வந்த ‘ஜவாபே ஷிக்வா’வில் இருக்கிறது. அதே முஸத்தஸ், அதே சந்தம். ஆனால் பேசுவது மறுபக்கம். கேள்வி வானத்தை எட்டுகிறது, விரட்டப்படவில்லை. மறுமொழியோ கேட்டவனையே நாணச் செய்கிறது. முன்னோர் செய்தவை முன்னோருடையவை, கைகட்டி அமர்ந்திருக்கும் உங்களுக்கு அதில் என்ன பங்கு என்கிறது. குலப்பெயர்களை வரிசையாகச் சொல்லி, முஸ்லிம்களாகவும் இருக்கிறீர்களா என்று வினவுகிறது.

மேடையில் முழங்குவோர் அந்தச் செய்யுளை மட்டும் ஏன் ஓதுவதில்லை? அதற்குக் கைதட்டல் விழாது.